அரிசியளவு தோல்

பிப்ரவரி 3, திங்கள்

காலையிலிருந்து மழை. கூலாய் ரோட்டில் ஜாம். என் கணவர் குமாருக்குச் சிங்கப்பூர் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. நானும் யாழினியும் மட்டும் ஆஸ்பத்திரிக்கு.

கையில் தோல் எடுத்தார்கள். ஓர் அரிசி அளவுதான். ஒன்றரை வயதுப் பிள்ளை, அழுத அழுகை கீழ்மாடி வரை கேட்டிருக்கும்.

நான் செய்த கூத்து வேறு. எனக்கு எண்ணெய்ப்பனைக் கன்றைப் புட்டியில் வளர்க்கிற லேபில் வேலை. பூஞ்சணம் புகுந்தால் அத்தனையும் குப்பைக்கு. அந்தப் பயத்தில் வீட்டிலேயே அவள் இடது கையை ஸ்பிரிட்டால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துவிட்டேன். தோல் சிவந்து தடித்துவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, "இது பனங்கன்னு இல்லம்மா, பிள்ள" என்றார். வலது கையில் எடுத்தார். வெட்கமாகப் போய்விட்டது.

பிப்ரவரி 4

டாக்டர் சொன்னது, மறப்பதற்குள்:

யாழினி உடம்பு புரதத்தை முழுதாக உடைக்காது. பாதியில் நின்றுபோய் அமிலமாக இரத்தத்தில் சேர்கிறது. முதல் சோறு ஊட்டியபோது ஆளாளுக்குப் பருப்பும் நெய்யும் ஊட்டினோம், மறுநாள் துவண்டு கிடந்தாளே, அது இதனால்தான். என்னிடமிருந்து ஒரு பழுது, குமாரிடமிருந்து ஒரு பழுது. தனித்தனியாக எங்களை ஒன்றும் செய்யவில்லை. அவளிடம் சேர்ந்துகொண்டது.

இதில் ஒரு வகை பி12 ஊசிக்குக் கேட்கும். இன்னொரு வகை கேட்காது. போட்டுப் பார்த்ததில் இரத்தப் பரிசோதனை ஒருநாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி. அதனால் தோல் செல்லை கோலாலம்பூர் (கே.எல்.) லேபில் வளர்த்து, அதில் வைட்டமினை ஊற்றிப் பார்ப்பார்கள்.

கேட்காவிட்டால்? கல்லீரல் மாற்றும் பேச்சு வரும் என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

வாங்க: சவ்வரிசி, டயப்பர், குமாருக்கு ரெயின்கோட்.

பிப்ரவரி 20, வியாழன்

கே.எல். லேபில் செல்வி என்று ஒரு பெண். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறாள். நடுவில் கறுப்பாகத் தோல் துண்டு, சுற்றிலும் மெல்லிய நூல் மாதிரி செல்கள் வெளியே ஊர்ந்து வந்து புட்டியின் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. என் பிள்ளை வீட்டில் எழுந்து நிற்கவே தடுமாறுகிறாள். அங்கே என்ன தைரியம்!

போனை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பனைத் துண்டு முளைவிட மாதக்கணக்கில் காத்திருப்போம். இது அதற்குள் வந்துவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

புட்டி ஒன்றில் பூஞ்சணம். செல்வி போனில் சொன்னதும் அத்தனையும் குப்பைக்கு என்றே நினைத்தேன். ஆனால் அவள் பதறவில்லை. வளர்ந்ததுமே இரண்டு புட்டியாகப் பிரித்து, வேறு வேறு பெட்டியில் வைத்திருக்கிறாள். ஒரே நாளில் இரண்டையும் திறக்கமாட்டாளாம். ஒன்றுக்கு ஊற்றிய சத்துநீரை இன்னொன்றுக்குத் தொடமாட்டாளாம். மற்றது சுத்தமாக இருக்கிறது.

இத்தனை வருடம் இந்த வேலையில் இருக்கிறேன், எங்கள் லேபில் யாருக்கும் இந்த ஒழுங்கு இல்லை. எனக்கும்தான். கெட்டிக்காரி. கையெடுத்துக் கும்பிடலாம்.

குமார் சிங்கப்பூர்ப் பாலம் தாண்டி வீடு வர இரவாகிவிட்டது. பழுது யார் பக்கத்தில் என்று அவர் அம்மா போனில் கேட்டார்களாம். என்ன சொன்னீர்கள் என்றேன்.

"ரெண்டு பேரும் சரிபாதின்னு சொல்லிட்டேன்."

இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதில் எனக்குப் பெருமைதான்.

ஏப்ரல் 9, புதன்

கே.எல். வெயில். குமாரும் வந்தார்.

ஊசிக்குக் கேட்கிறது! வைட்டமின் ஊற்றிய தட்டில் செல்கள் வேலை செய்கின்றன, ஊற்றாததில் சும்மா இருக்கின்றன. ஊசியை விடாமல் போடச் சொல்லிவிட்டார் டாக்டர். சோற்றுக் கட்டுப்பாடு இருக்கும், காய்ச்சல் வந்தால் ஓடி வரவேண்டும். கல்லீரல் பேச்சு இப்போதைக்கு இல்லை. குமார் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

செல்வியைப் பார்த்தேன். என்னைவிடச் சின்னவள். மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். தொழில் புத்தி சும்மா இருக்குமா, எதோடு ஒப்பிட்டுப் பார்த்தாய் என்று கேட்டேன். நோயில்லாத பிள்ளையின் செல் ஒரு தட்டு. இதே நோய், ஊசிக்குக் கேட்கும் வகை என்று ஏற்கெனவே தெரிந்த செல் ஒரு தட்டு. யாழினியுடையது அந்த இரண்டாவது தட்டைப் போலவே நடந்துகொண்டதாம்.

அந்தப் பிள்ளை ஊசி போட்டு நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். செல்வி மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்தாள்.

"இல்லக்கா. என்ன வகைன்னு தெரியறதுக்கு முன்னாடியே போயிட்டான். அவங்கம்மாதான் செல்ல வச்சுக்குங்க, இன்னொரு பிள்ளைக்கு ஆகட்டும்னாங்க. பையன். அதுக்கு மேல நான் சொல்லக்கூடாது."

யாழினி செல்லையும் வைத்துக்கொள்ளச் சொல்லி நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டோம். திரும்பும் வழியெல்லாம் குமார் ரேடியோ போடவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

யாழினிக்கு ஊசி. அழுதாள், உடனே நிறுத்தினாள்.

சாயங்காலம் மூவரும் கோயில். அர்ச்சனைச் சீட்டு இரண்டு. முதலாவது யாழினி, ரோகிணி நட்சத்திரம். இரண்டாவதற்குக் குருக்கள் பெயர் கேட்டார். தெரியாது என்றேன். நட்சத்திரம்? அதுவும் தெரியாது. அப்படியென்றால் சாமி பெயருக்கே செய்துவிடலாமா என்றார்.

"வேணாம் சாமி. ஒரு பையன்னு சொல்லிப் பண்ணுங்க."

என்னை ஒருமுறை பார்த்தார். உள்ளே போனார். மந்திரத்துக்கு நடுவில், தமிழில், "ஒரு பையன்" என்று சத்தமாகவே சொன்னார்.