துருத்தி லாரிக்கு எந்த எஞ்சின்?

அருப்புக்கோட்டை
10 பிப்ரவரி 1947, திங்கள்

இன்றும் முடிவாகவில்லை. கொட்டகையில் இரண்டு எஞ்சின்கள். லாரியோடு வந்தது இருநூற்றுப் பதினாறு கன அங்குலம். பட்டாள ஏலத்தில் தனியாக எடுத்தது இருநூற்றெழுபது. சூப்பர்சார்ஜர் இருப்பது ஒன்றுதான். எதற்கு மாட்டுவது?

பெட்ரோல் கூப்பன் கிடைக்கிற வழியாக இல்லை. டிரம்மில் கரியை எரித்து, அதில் வரும் கரிவாயுவில்தான் ஓட்டியாக வேண்டும். அதில் எஞ்சினுக்குப் பாதி உயிர்தான். வாயுவை அழுத்தி உள்ளே தள்ளினால் போன உயிர் கொஞ்சம் திரும்பும், அதற்குத்தான் சூப்பர்சார்ஜர். சங்கையா அதைத் துருத்தி என்கிறான். ஊரே "துருத்தி லாரி" என்று பேர் வைத்துவிட்டது. லாரி இன்னும் ஒரு அடி நகரவில்லை!

சின்னதில் மாட்டினால் பேரிங் தாங்குமா? பெரியதில் மாட்டினால் அது இழுக்கிற அளவுக்குக் கரி டிரம் வாயு கொடுக்குமா? பர்மா எல்லையில் மூன்று வருஷம் லாரி பார்த்தவன் நான். அங்கே மேலே இருப்பவர் சொல்வார், நான் மாட்டுவேன். இங்கே நானே சொல்லி நானே மாட்ட வேண்டியிருக்கிறது.

12 பிப்ரவரி

கணக்குப் போட்டேன். சின்னது. சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி போட்டேன். பெரியது.

15 பிப்ரவரி

சங்கையா திருச்சுழியிலிருந்து வந்தான். லாரியில் அவன் பாதி, நான் பாதி. மானாவாரிக் காட்டுக்காரன்.

"ஏலே தாவீது, ரெண்டு மாடு இழுக்காத வண்டிய நாலு மாடு இழுக்காதா?"

"நாலு மாட்டுக்கும் நீ ரெண்டு மாட்டுத் தீவனந்தானடா வைக்கப் போற?" என்றேன்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். "பெருசையே போடு" என்றான். இவனிடம் போய்க் கேட்டேனே!

வீரசோழன் வியாபாரிகள் இந்த வருஷ மிளகாய் முழுவதையும் எங்கள் லாரிக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மார்ச் முடிவதற்குள் நாற்பது மூட்டையோடு குண்டாற்று மணலைக் கடந்து கரையேறிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் மாட்டுவண்டிக்கே கொடுத்துவிடுவார்கள்.

19 பிப்ரவரி

பூனாவிலிருந்து கடிதம். பட்டாள ஒர்க்ஷாப்பில் பிட்டர் வேலை. ஏப்ரல் பத்துக்குள் வந்து சேரச் சொல்கிறார்கள்.

ஞானப்பூவுக்குப் படித்துக் காட்டினேன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நான் வீட்டில் இருந்தது ஒன்றரை வருஷம். அழுவாள் என்று நினைத்தேன். "போங்க. கோவப்பட மாட்டேன். பழகிக்கிருவேன். அதுக்குத்தான் பயமா இருக்கு" என்றாள். உலை வைக்கப் போய்விட்டாள்.

லாரி கரையேறினால் இங்கே இருப்பேன். ஏறாவிட்டால் போக வேண்டியதுதான். அப்படியானால் இருநூற்றுப் பதினாறா, இருநூற்றெழுபதா? ஆண்டவரே, எதையாவது ஒன்றைச் சொல்லும்.

4 மார்ச்

சின்னதையே மாட்டினேன். ஏற்கெனவே லாரிக்குப் பொருந்தி வந்தது, அதுதான் காரணம். வேறு காரணம் ஏதுமில்லை என்று இப்போது தோன்றுகிறது.

திருச்சுழி வரை நன்றாகப் போனது. ஆற்று மணலில் இறங்கியதும் இருமல். கரையில் கால்வாசி ஏறி அப்படியே பின்னால் வழுக்கியது. நாற்பது மூட்டையையும் இறக்கினோம். வேடிக்கை பார்த்த ஒருத்தன், "துருத்திய எடுத்துட்டு ரெண்டு மாட்டக் கட்டுங்கய்யா" என்றான். அவனை அடிக்கப் போனேன். சங்கையா பிடித்துக்கொண்டான்.

5 மார்ச்

சே.

9 மார்ச்

சங்கையா அய்யனார் கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்த்திருக்கிறான். வெள்ளை வந்தால் சின்ன எஞ்சின், சிவப்பு வந்தால் பெரியது. பூசாரி எடுத்த பொட்டலத்தில் செவ்வரளி. "சாமியே சொல்லிருச்சுலே" என்று மூச்சு வாங்க ஓடி வந்தான்.

நானும் காலையில் எங்கள் வேதக்கோயிலில் முழங்காலில் நின்று கேட்டேன். பதில் வரவில்லை. கர்த்தர் கன அங்குலம் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

பெரியதையே மாட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து என் பட்டாளத்து இரும்புப் பெட்டியை எடுத்து, காக்கிச் சட்டைகளை மடித்து வைத்தேன். பெரியதை நான் எவ்வளவு நம்புகிறேன் என்று எனக்கே தெரிந்துபோயிற்று. ஞானப்பூ பார்த்தாள்.

20 மார்ச்

பெரிய எஞ்சின் கப்பிச் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இனி இறக்க வேண்டியதுதான் பாக்கி. வாயுக் குழாயை அதற்குப் பொருத்துவதற்காக, வாயுவில் வரும் தூசியைப் பிடிக்கிற வடிதுணியைக் கழற்றினேன். கனத்தது. கரித்தூள்தானே என்று உதறினேன், போகவில்லை. தண்ணீர் விட்டால் விரலில் பிசின் மாதிரி ஒட்டுகிறது. கரிசல் மண்! டிரம்முக்குள் பார்த்தால் மண் உருகிக் கட்டி தட்டிக் கிடக்கிறது. கரியும் கறுப்பு, கரிசலும் கறுப்பு. எவன் கண்டான்?

சைக்கிளை எடுத்துக்கொண்டு திருச்சுழிக்கு மிதித்தேன். சங்கையா காட்டில் கரிமூட்டம் போட்டு எங்களுக்குக் கரி தருகிற முத்துத்தாயிடம் கேட்டேன்.

"ஆமா, மூட்டத்த மண்ணப் போட்டுத்தான மூடுறோம்? இஸ்திரி போடுறவுகளுக்குன்னா சலிச்சு, தொடச்சுக் குடுப்பேன். வெள்ள வேட்டியில ஒட்டுச்சுன்னா ஏசுவாகள்ல. லாரிக்கு எதுக்கு? அது என்ன வேட்டியா கட்டியிருக்கு?"

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அந்த அம்மா மேல் என்ன குற்றம்? பட்டாளத்தில் கரி மூட்டையாக வரும், கொட்டுவோம். அந்தப் புத்தியிலேயே இருந்துவிட்டேன். இத்தனை நாளும் அங்குலத்தையே கேட்டேனே, கரியைக் கேட்டேனாடா மடையா!

22 மார்ச்

இப்போது குழப்பம் இரட்டிப்பு. அன்றைக்குத் தோற்றது சின்ன எஞ்சினா, மண்ணா? இன்னொரு தடவை பார்க்கத்தான் நாள் இருக்கிறது. மாற்றி மாற்றி மாட்ட நேரமில்லை.

டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த எஞ்சினை வைத்தாலும் டிரம் இது ஒன்றுதான். கொடுக்கிற வாயுவும் இவ்வளவுதான். இதைச் சின்னது வயிறாரச் சாப்பிடும், பெரியது அரைவயிற்றோடு கிடக்கும். சங்கையாவிடம் மாட்டைப் பற்றி நானே சொன்னதுதான். சொன்னவனுக்கே உறைக்க ஐந்து வாரம். சின்னதையே வைத்துக்கொள்வோம் என்று சங்கையாவிடம் சொன்னேன்.

"சாமி சொன்னத மாத்துறியாலே?" சங்கையாவின் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய்விட்டான்.

23 மார்ச், ஞாயிறு

கோயில் விட்டு வந்தால் கொட்டகை வாசலில் சங்கையா. விடிந்ததிலிருந்தே உட்கார்ந்திருக்கிறான்.

"நான் சாமிட்ட எஞ்சின் எதுன்னுதான் கேட்டேன். கரி எதுன்னு கேக்கல. அதுனால சாமிமேல தப்பில்ல. சின்னதையே மாட்டு." எழுந்து வேட்டியை உதறிக்கொண்டே, "விளங்கலேன்னா நீ பூனாவுக்குப் போயிருவ. நான் யாரோட சண்ட போட?" என்றான்.

28 மார்ச்

எங்கள் வீட்டு முற்றம் முழுக்கக் கரி. முத்துத்தாய் சலிக்கிறாள், ஞானப்பூ துடைக்கிறாள். ஒவ்வொரு துண்டாக! இரண்டு பேருக்கும் கண் மட்டும்தான் தெரிகிறது.

29 மார்ச்

ஏறிவிட்டது.

நாற்பது மூட்டையோடு மணலைக் கடந்தது. பாதிக் கரையில் ஒரு விக்கல். போச்சுடா என்று கண்ணை மூடினேன். துருத்தி கத்திற்று, மூட்டை மேலிருந்து சங்கையா அதைவிடக் கத்தினான். கண்ணைத் திறந்தால் மேலே நிற்கிறோம். ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது.

1 ஏப்ரல்

ஒரு தடவை ஏறியது. அடுத்த தடவையும் ஏறுமா? பேரிங் எத்தனை நாள் தாங்கும்? பூனாவுக்கு வரவில்லை என்று இன்னும் எழுதவில்லை. பெட்டியையும் பிரிக்கவில்லை.

3 ஏப்ரல், பெரிய வியாழன்

பந்தல்குடியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது திடீரென்று கோடை மழை. முற்றத்தில் சலித்து வைத்த கரி நனைந்தால் நாளன்றைக்கு லாரி ஏறாது. போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன்.

முற்றத்தில் ஒரு துண்டு கரி இல்லை. "கரி எங்கே?" என்று கத்தினேன். ஞானப்பூ கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினாள்.

என் காக்கிச் சட்டைகள் எல்லாம் உள்கொடியில் தொங்குகின்றன. இரும்புப் பெட்டியைத் திறந்தேன். விளிம்பு வரைக்கும் கரி.

"நம்ம வீட்டுல மழத்தண்ணி இறங்காத பெட்டி அது ஒண்ணுதான். வேணும்னா காலி பண்ணித் தாரேன்" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேண்டாம் என்றேன்.