எதிர்வெளிச்சம் ஆகாத லென்ஸ்

சங்கரன்கோவில்,
ஆனி கடைசி வெள்ளி.

அன்புள்ள அத்தானுக்கு மாரித்தாய் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் பிரியாவும் உங்கள் அம்மாவும் சுகம். பெட்டிக்குள் இருக்கிற உங்கள் கண்ணாடிப் பிள்ளைகளும் சுகம். போனில் எப்போதும் அவர்களைத்தான் முதலில் விசாரிப்பீர்கள். கை தவறி எங்களை முன்னால் எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

போன் இருக்கும்போது இவள் என்ன காயிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, சிரித்துக்கொண்டே படியுங்கள். நான் கூப்பிட்டால் டவர் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். வானத்தை இடிக்கிற மாதிரி கட்டடம் கட்டுகிற சார்ஜாக்காரனுக்கு ஒரு டவர் கட்டத் தெரியாதாளா என்று பக்கத்து வீட்டு ஜுலைகா பீவி அக்கா கேட்கிறாள். வாய்ஸ் அனுப்பினால் கேட்க ஆளில்லை. அதனால்தான் லீவு முடிந்து சார்ஜாவுக்குத் திரும்புகிற அந்த அக்கா மகன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். மாமா படித்து முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே நில்லுடா, டீ வாங்கித் தந்தாலும் நகராதே என்று சொல்லியிருக்கிறேன்.

முதலில் உங்களுக்குப் பிடித்த சேதியையே எழுதிவிடுகிறேன். கேமரா லென்சுகளை வாராவாரம் வெயில் காட்டுவதை நான் விடவில்லை. ஜப்பான் டகுமர் கட்டன்சாயா மாதிரி மஞ்சளித்துக் கிடந்ததே, மொட்டைமாடியில் மோர்மிளகாய்க்குப் பக்கத்திலேயே வைத்து வைத்து இப்போது பன்னீர் மாதிரி தெளிந்துவிட்டது. நம்ம ஊர் வெயிலும் ஒருத்தனைத் திருத்தியிருக்கிறது பாருங்கள். உங்கள் அம்மா அதைக் குமார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஏட்டி, குமாருப் பயல வெயில்ல போட்டியா என்று காலையிலேயே கேட்டுவிடுவார்கள். ஒரு நாள் நான் அவன் முகத்தைத் திருப்பி வைத்துவிட்டேன். குமார் வெயிலைக் குவித்து வத்தல் துணியில் ஓட்டை போட்டுவிட்டான். ஜப்பான்காரன் சுறுசுறுப்பு.

ஜெர்மன் ஜெய்ஸ் மட்டும் சரியில்லை. வரிக்குதிரைக் கோடும் மிடுக்கும் அப்படியே இருக்கிறது. ஆனால் உள்ளே கிரீஸ் இறுகிப்போய், திருகினால் அசையமாட்டேன் என்கிறது. உங்கள் பெரியண்ணனும் இப்படித்தான், பேர் பெரிசு, ஒரு வேலைக்கு வளையமாட்டார். நிக்கார் இரும்புச் சாமான், அதற்கு ஒரு குறையும் வராது. மற்றதெல்லாம் கேமராவில் ஒரே மரையில் ஏறும், அதற்கு மட்டும் தனி வளையம் வேண்டும். நீயும் இது மாதிரிதான் ட்டி, இந்த வீட்டு மரையில ஏறமாட்டக்க என்று என்னைக் கேலி பண்ணுவீர்களே. பிரியா இப்போது அதில்தான் படம் எடுக்கிறாள். போன மாதம் கரிவலம்வந்தநல்லூரில் ஒரு சடங்கு வீட்டுக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். இசக்கித்துரை மகளா, அப்ப சரி என்றார்களாம். உங்கள் பேர் இன்னும் இங்கே ஓடுகிறது.

பெட்டியில் இல்லாதது ரஷ்யா ஹீலியோஸ் ஒன்றுதான். ஜப்பான்காரன் உள்ளதைச் சொல்லுவான், ஜெர்மன்காரன் உள்ளதை அழகாச் சொல்லுவான், ரஷ்யாக்காரன் அழகாப் பொய் சொல்லுவான், எனக்கு அவனத்தான் பிடிக்கி என்பீர்கள். கல்யாணமான புதிதில் அதை வைத்துத்தான் என்னைப் புளியமரத்தடியில் நிறுத்தி எடுத்தீர்கள். நடுவில் நான் மட்டும் ஒவ்வொரு மயிரும் தெரிகிற மாதிரி நிற்கிறேன். பின்னால் இலையும் வெளிச்சமும் ஆட்டுரலில் மாவு சுற்றுகிற மாதிரி சுற்றுகிறது. அந்தப் படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. என் கூட்டாளி சுமதி நம்ம வீட்டுக்கு வரும்போதெல்லாம், மரம் சுத்துனதுல ஒனக்குத் தலை சுத்தலயாளா என்று கேட்பாள். சுற்றத்தான் செய்தது.

அந்த லென்சுக்குப் பூஞ்சை பிடித்ததும் உங்கள் அம்மா வைத்தியம் பார்த்ததும் மறந்திருக்காது. கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாய்ப் படர்ந்ததைப் பார்த்து, தேமல்தானே, கோயில் புற்றுமண்ணு கேக்காத தேமல் உண்டா என்று குழைத்து, விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டார்கள். பிறை மாதிரி கீறல் விழுந்தது. நீங்கள் தெருவே கேட்கிற மாதிரி கத்தினீர்கள். அப்புறம் படம் எடுத்துப் பார்த்தீர்கள். வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்தால் ஒன்றும் தெரியவில்லை. எதிரே இருந்தால் பின்னால் விழுகிற ஒவ்வொரு வெளிச்ச உருண்டைக்குள்ளும் அந்தப் பிறை தெரிந்தது. இனிமே இத எவனும் வாங்கவும் மாட்டான், களவாங்கவும் மாட்டான், ஆயுசுக்கும் நமக்குத்தான் என்று நீங்களே சிரித்தீர்கள். சார்ஜாவுக்குப் போகும்போது மற்றதை எல்லாம் வைத்துவிட்டு அதை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். இதுல ஒன்னயத் தவிர யாரையும் எடுக்கமாட்டேன், சும்மா பக்கத்துல கெடக்கட்டும் என்றீர்கள்.

போய் இறங்கிய கையோடு, பை தவறி விழுந்து அது நொறுங்கிவிட்டது என்று போனில் அழுதீர்கள். அத்தைக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எங்கை பட்ட தோசம்தான் என்று புலம்பினார்கள். உடம்பில் எந்த இடத்துக்கு நோவோ அந்த உருவத்தைக் கோமதியம்மன் உண்டியலில் போடுவோம். லென்சுக்கு எந்த உருவத்தைப் போடுவார்கள்? கடைக்காரனிடம் கேட்டுக் கேட்டு, கடைசியில் வெள்ளியில் கண்மலர் வாங்கிப் போட்டார்கள். மகனுக்கு இன்னொரு நல்ல லென்ஸ் குடுக்கணும் தாயே என்று வேண்டினார்கள்.

இப்போது அந்தக் கண்மலரை அத்தைக்கே போடவேண்டியிருக்கிறது. இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. வாசற்படி எது, ஆள் எது என்று தெரியவில்லை. போன வாரம் சுடுகஞ்சிச் சட்டிக்குள் கையை வைத்துவிட்டார்கள். பயப்பட வேண்டாம், ஆறி வருகிறது. திருநெல்வேலி கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இன்னும் தள்ளினால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆபரேசன் பண்ணினாலும் பார்வை வராமல் போய்விடும் என்று டாக்டரம்மா கண்டித்துச் சொன்னார்கள். சொன்னதோடு விட்டிருக்கலாம். கண்ணுக்குள்ளே லென்ஸ் வைக்கவேண்டும், நம்ம நாட்டு லென்சும் இருக்கிறது, வெளிநாட்டு லென்சும் இருக்கிறது, எது வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள்.

லென்ஸ் என்ற பேச்சைக் கேட்டதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஜப்பான் இருக்கா, மஞ்சளிச்சுப் போகாதா, பூஞ்சை பிடிச்சா வெயில்ல வைக்கலாமா, மரை ஒண்ணுதானா என்று ஒரே விசாரணை. டாக்டரம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நானும் சிரித்தேன். கடைசியில் அத்தை, எம் மவனுக்குத் தெரியாத லென்சு கெடையாது, அவன் வந்து கையில வாங்கித் திருகிப் பாத்துச் சொல்லட்டும், அதுவரைக்கும் எங்கண்ணுல எவளையும் கை வைக்க விடமாட்டேன் என்று எழுந்து நடந்து, கதவு என்று நினைத்துப் பீரோவில் முட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இது வேற லென்ஸ் அத்தை, அவங்களுக்கு இது தெரியாது என்றால், எம் மவனக் கொறச்சுப் பேசாதட்டி என்கிறார்கள். பொழுது முழுக்கப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாய்த் திருகிப் பார்க்கிறார்கள். ஜெர்மன் இறுகிப்போனதை முதலில் கண்டுபிடித்ததே அவர்கள்தான். தபசுக்கு வந்துருவான் என்கிறார்கள். நீங்கள் போனபிறகு இது நாலாவது ஆடித்தபசு. ஒவ்வொரு தபசுக்கும் நான்தான் ஏதாவது ஒரு காரணம் சொல்லிச் சமாளிக்கிறேன். கையிருப்பில் இனி காரணம் இல்லை.

இன்னொரு சேதியும் இருக்கிறது. எழுதவா வேண்டாமா என்று இருந்தேன், எழுதிவிடுகிறேன். பிரியா போனில், இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம் என்று தானாக ஒரு பொம்பளை படம் வந்தது. பார்க்கில் ஒரு மரத்தடி. நீலச் சேலை, நல்ல லட்சணம், பல்வரிசை அழகு. பிறந்தநாள் என்று போட்டிருந்தது. பிரியா அந்தம்மாவைப் பார்க்கவே இல்லை. பின்னால் இலை சுற்றுவதைப் பார்த்துவிட்டு, யம்மா, இது நம்ம ஹீலியோஸ் மாதிரி இல்ல என்று ஓடிவந்தாள். ரஷ்யாவில் இதே லென்சை அரிசிமூட்டை மாதிரி குவித்திருக்கிறான், உலகம் பூரா இருக்கும், நீ போய்ப் படி என்று விரட்டிவிட்டேன்.

அவள் போனபிறகு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். இலை இடுக்கில் விழுந்த வெளிச்ச உருண்டை ஒவ்வொன்றுக்குள்ளும் பிறை. உங்கள் அம்மா விரல் அத்தான் அது. அந்தப் பொம்பளை தலையைச் சுற்றி உங்கள் அம்மா விரல் இழுத்த கோடு நிறைய நிறைய நிற்கிறது. இங்கே அவர்கள் சட்டி எது, சுவர் எது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் யார் என்று நான் கேட்கப்போவதில்லை. ஒரு பொம்பளை எந்த மாதிரி ஆளைப் பார்த்து அப்படிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியும். சுவரில் நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அந்த லென்சுக்கு நடுவில் நிற்கிற ஒருத்தியைத்தான் தெரியும் என்று நீங்கள்தானே சொல்லித் தந்தீர்கள். சுற்றி இருப்பதெல்லாம் கலங்கிப் போகும். இப்போது சுற்றி இருப்பது நாங்கள் மூன்று பேர், வேறொன்றும் இல்லை.

எனக்காக வரவேண்டாம். என்னோடு பேசவும் வேண்டாம். பிரியா நம்பருக்கு அடித்து, அம்மாவிடம் ஒரு லென்ஸ் பேரைச் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் டாக்டரம்மா நல்லதையே வைப்பார்கள். உங்கள் வாயால் ஒரு பேர் வந்தால் போதும், அத்தை தானாகப் போய்ப் படுத்துக்கொள்வார்கள்.

தபசு முடிந்த மறு திங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். அதற்குள் போன் வராவிட்டால், வந்தது, ஜப்பான் வைக்கச் சொன்னார்கள் என்று நானே சொல்லிவிடுவேன். எத்தனையோ சொன்னேன், இதையும் சொல்லிவிட்டுப் போகிறேன். கண் தெளிந்ததும் அத்தை முதலில் கேட்பது மகன் எடுத்த படத்தைத்தான். பிரியாவும் அந்த இலை சுற்றுகிற படத்தைக் காட்டப் போனைத் தூக்கிக்கொண்டுதான் ஓடிவருவாள். அவளுக்கு இலைதான் தெரிந்தது. பெற்றவளுக்குத் தன் விரல் தெரியாமல் போகாது.

எந்த ஊரில், யார் பக்கத்தில் இருந்தாலும் கோமதியம்மன் உங்களை ஒரு நோவு இல்லாமல் வைத்திருக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். இனி அந்த லென்சில் யாரையாவது எடுத்தால் மட்டும், வெயிலை உங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எடுங்கள். எதிர்வெளிச்சம் அதற்கு ஆகாது.

இப்படிக்கு,
சுவரில் சிரித்துக்கொண்டிருக்கும்
மாரித்தாய்.