இருக்குமிடம் தெரியாத நோயாளி

பழைய எக்ஸ்ரே படத்துக்கு வினாகிரியின் மணம் உண்டு என்பது எனக்கு எழுபத்தாறு வயதில்தான் தெரிய வந்தது. சென்ற வாரம் சனிக்கிழமை உன் மகள் ஒரு பழுப்பு உறையை என் மேசையில் வைத்தபோது அந்தப் புளித்த வாடைதான் முதலில் வந்தது. அதற்குப் பிறகே உறையின் மேல் உன் கையெழுத்தைக் கண்டேன். என் பெயர். அதன் கீழே, வெள்ளவத்தையில் நான் முதலில் குடியிருந்த ஒழுங்கையின் முகவரி, எழுதி வெட்டப்பட்டிருந்தது. இரண்டாவது வீட்டின் முகவரியும் வெட்டப்பட்டிருந்தது. இப்போதிருக்கும் மாடிவீட்டின் இலக்கம் மட்டும் நீல மையில், முதுமையில் நடுங்கத் தொடங்கிய உன் எழுத்தில், வெட்டப்படாமல் இருந்தது.

நீ போய் மூன்று வருடத்துக்குப் பிறகு, உன் கொட்டாஞ்சேனை வீட்டை விற்பதற்காக அவள் இங்கிலாந்திலிருந்து ஒரு மாத லீவில் வந்திருக்கிறாள். உன்னைப் போலவே டொக்டர்.

"அப்பாவின்ர அலுமாரியின்ர அடித்தட்டில கிடந்தது மாமா. உங்கட பேர் இருந்தது, அதுதான் கொண்டந்தனான்."

"பார்த்தனியோ பிள்ளை?"

"இல்லை. உங்கட படம். உங்களைக் கேக்காமல் எப்பிடிப் பாக்கிறது? பாக்கட்டோ?"

ஒரு கிழமை அவகாசம் தா என்று கேட்டேன். அவள் ஒன்றும் விளங்காமல் தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்தால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவள் என்ன கேட்பாள் என்பதும் தெரியும். அதற்கு என்ன பதில் சொல்வது என்பதைத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. உன்னிடம் நேரே கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டவன் நான். இப்போது எழுதுகிறேன் என்றால், நீ பதில் சொல்லமாட்டாய் என்ற துணிவில்தான்.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. ஓர் அச்சகத்தில் அச்சுப்பிழை திருத்தும் ஒப்புநோக்காளனாக இருந்தேன். இடது நுரையீரலின் கீழ்ப்பகுதி பழுதாகி, இருமினால் கைலேஞ்சியில் இரத்தம் தெரிந்தது. உங்கள் பெரிய டொக்டர் அந்தப் பகுதியை அறுத்து எடுத்தார். நீ அவருக்கு உதவியாளன். நெஞ்சை மூடித் தைத்தவன் நீ. நான் கண் விழித்தபோது கட்டிலருகே நின்று, "தையல் நான் போட்டது மச்சான், உன்ர அச்செழுத்து மாதிரி நேராக் கிடக்கு" என்றாய். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவனின் கை என் நெஞ்சுக்குள் போய் வந்திருக்கிறது என்று நான் பெருமைப்பட்டேன்.

ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் இடப்பக்கம் ஒரு நிழல் இருந்தது. நீ அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி நெடுநேரம் நின்றாய். எனக்கு உன் முதுகு மட்டுந்தான் தெரிந்தது.

"பழைய கசம்," என்றாய் கடைசியில். "சின்ன வயசில வந்து, உனக்குத் தெரியாமலே ஆறியிருக்கு. அந்தத் தழும்பு. இனி இதில ஒருத்தரும் கை வைக்கத் தேவையில்லை."

"மற்ற ஆக்களுக்குத் தொத்துமோ?"

நீ படத்தை உறைக்குள் போட்டாய். "தொத்தாது. எண்டாலும், கவனமா இருந்தா நல்லது."

காசநோயை நம்மவர்கள் எவ்வளவு தாழ்ந்த குரலில் சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். அந்தக் கடைசி வசனத்தை நீ ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் எதையும் பேச்சுக்குக் கேட்கிறவனல்லவே. கவனமாக இருந்தேன். எனக்கென்று ஒரு கோப்பை, ஒரு தட்டு, ஒரு துவாய் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் எப்போதும் ஜன்னலோரம், முகத்தை வெளியே திருப்பியபடி இருந்தேன். ஒரு கல்யாணப் பேச்சு வந்தபோது நானே பெண்வீட்டுக்குப் போய் என் நெஞ்சில் இருப்பதைச் சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் என் நேர்மையைப் பாராட்டினார்கள், தேத்தண்ணீர் கொடுக்கவில்லை.

தங்கைக்கு முதல் பிள்ளை பிறந்தபோது நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். "பிடி அண்ணா" என்று துணியோடு நீட்டினாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் இரண்டாம் முறை நீட்டவில்லை. சில வருடங்களில் அவர்கள் கனடாவுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளையின் பாரம் எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இதையெல்லாம் நீ கண்டாய். ஞாயிற்றுக்கிழமைகளில் புறக்கோட்டையில் பஸ் மாறி உன் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வருவேன். உன் மனைவியிடம் எனக்கென்று ஒரு கோப்பையை வேறாக வைக்கும்படி கேட்டது நான்தான். அவர் முதலில் மறுத்தார். பிறகு ஒரு கோப்பையின் அடியில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்தார். நீ பேப்பரை மடிக்காமலே சொன்னாய்: "விடும், அவன்ர நிம்மதிக்கு." அன்றைக்கு அது எனக்கு அன்பாகத்தான் கேட்டது. அந்தக் கோப்பையில் நாற்பது வருடம் குடித்தேன். என் நெஞ்சில் கசமே இல்லை என்று அந்த மேசையில் அறிந்திருந்தவன் நீ ஒருவன்தான்.

நான்கு வருடத்துக்கு முன்னர், உலகத்து நெஞ்சறுவைச் சிகிச்சை நிபுணர்கள் கூடும் மாநாடு கொழும்பில் நடக்கப்போவதாகச் சொன்னாய். காலிமுகத்திடல் பக்கத்தில் ஒரு பெரிய ஹொட்டேல். ஓய்வுபெற்ற மூத்தவர் என்று உனக்கொரு சிறப்புரை ஒதுக்கியிருந்தார்கள். மாநாட்டு மலரில் வரவேண்டிய ஆய்வுச் சுருக்கங்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாய்.

"ஒருக்காப் பார்த்துத் தா மச்சான். பொடியள் எழுதியிருக்கிற இங்கிலீசுக்கு வெள்ளைக்காரன் பாதியில எழும்பிப் போயிடுவான்."

"எனக்கு வைத்தியம் விளங்காதே."

"உனக்கேன் வைத்தியம்? நீ முற்றுப்புள்ளியைப் பார்."

நான் வேலை செய்யும் முறை உனக்குத் தெரியும். அதைச் சொல்லி எத்தனையோ தரம் சிரித்திருக்கிறாய். வரியின் கீழ் அடிமட்டக் கோலை வைத்து, முதல் தடவை கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசிப்பேன். அப்படி வாசித்தால் பொருள் குறுக்கே வராது, எழுத்துப்பிழை மட்டும் கண்ணில் படும். பொருளுக்கு அடுத்த தடவை.

உன்னுடைய சுருக்கம் கட்டின் கடைசியில் இருந்தது. உன் கைகளால் நேர்ந்த பிழைகளும் அவை உனக்குக் கற்பித்தவையும் என்பது தலைப்பு. கீழிருந்து தொடங்கினேன். கடைசி வரி இது: நோயாளி 'லொஸ்ட் டு ஃபொலோ அப்'. தொடர்பற்றுப் போனார், இருக்குமிடம் தெரியவில்லை என்பதற்கு டொக்டர்மார் நீங்கள் எழுதும் வழக்கமான சொற்கள். ஃபொலோ, அப் என்ற இரண்டுக்கும் நடுவே வரவேண்டிய சிறு கோடு விடுபட்டிருந்தது. சிவப்புப் பேனையால் போட்டேன்.

அதற்கு மேல் வரி: ஆறு மாதம் கழித்துப் படத்தில் நிழல் தெரிந்தது, இரத்தம் ஒற்றும் துணி ஒன்று நெஞ்சுக்குள் விடப்பட்டிருப்பதை உதவி வைத்தியர் அறிந்தும், நோயாளிக்குச் சொல்லவில்லை. அதற்கு மேல்: நெஞ்சை மூடும்போது துணிகளின் எண்ணிக்கை ஒன்று குறைந்தது, மறுபடி எண்ணிச் சரி என்று பதியப்பட்டது. இன்னும் மேலே: இடது நுரையீரலின் கீழ்ப்பகுதி. அதற்கும் மேலே: வயது இருபத்தொன்பது, ஆண், அச்சக ஊழியர்.

அடிமட்டம் அந்த வரியிலேயே நின்றது. அது ஒரு புதன்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு உன் வீட்டில் நண்டுக் குழம்பு. எனக்கு இரண்டாம் முறை சோறு போட்டது நீ.

துணியை விட்டதற்கு நான் உன்னை நோகமாட்டேன். ஒப்புநோக்காளன் ஒருவன் பிழை விடுவதைப் பற்றி யாரையும் குற்றம் சொல்ல முடியாது. என் கண்ணைத் தாண்டிப் போன பிழைகள் நூலகங்களில் கிடக்கின்றன. பெரிய டொக்டருக்குப் பயந்து அன்றைக்கு நீ வாயை மூடியதும் எனக்கு விளங்கும். பயத்தைப் பற்றி என்னைவிட அறிந்தவன் யார்? ஆனால் அந்தக் கடைசி வரி. நான் தொலைந்துபோகவில்லையே. ஒவ்வொரு ஞாயிறும் பன்னிரண்டரைக்கு உன் வாசல் மணியை அடித்தேன். வீடு மாறியபோதெல்லாம் முதலில் உனக்குத்தான் சொன்னேன். நீயும் உறையில் வெட்டி வெட்டி எழுதி வைத்திருக்கிறாய்.

அந்தக் கட்டை ஏன் என்னிடம் தந்தாய்? நான் கண்டுபிடிக்க வேண்டும் என்றா? முற்றுப்புள்ளியைத் தாண்டி எனக்கு ஒன்றும் விளங்காது என்றா? அல்லது எத்தனையோ நோயாளிகளுக்கு நடுவே அந்த அச்சக ஊழியன் நான்தான் என்பது உனக்கே மறந்துபோயிருந்ததா? ஒரு நாளைக்கு ஒன்று உண்மையாகப் படுகிறது. மூன்றாவது உண்மையாகப் படும் நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

நான் அன்றைக்கே உன்னிடம் வந்திருக்கலாம். குறைந்தது அந்த வரியைச் சிவப்பு மையால் வெட்டியிருக்கலாம். கட்டை நூலால் கட்டி, குறித்த நாளில் கொண்டுவந்து தந்தேன்.

மாநாட்டில் எனக்கும் கழுத்தில் தொங்கவிடும் அட்டை ஒன்று தந்தார்கள், விருந்தினர் என்று எழுதி. கடைசி வரிசையில் இருந்தேன். நீ வெள்ளைச் சட்டையும் கறுத்தக் கோட்டுமாக நின்று, அந்தத் துணியைப் பற்றி நிதானமாக வாசித்தாய். கடைசி வரியையும் வாசித்தாய். உன் குரல் தடுமாறும் என்று காத்திருந்தேன், தடுமாறவில்லை. பிறகு மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. வெளிநாட்டு நிபுணர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து, இப்படியொரு நேர்மையை எந்த மாநாட்டிலும் கண்டதில்லை என்றார். எல்லோரும் நிற்க நான் மட்டும் இருப்பது அழகில்லை என்று நானும் எழுந்தேன். கையும் தட்டினேன். எனக்குத் தமிழில் ஒரு வசனத்தில் சொல்லக்கூடியதை, இங்கிலீசில், ஒரு மண்டபம் நிறைய அந்நியருக்குச் சொல்லிவிட்டாய்.

தேநீர் இடைவேளையில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாய்.

"எப்பிடி மச்சான்?"

"நல்லா வாசிச்சாய்."

"பிழை ஒண்டும் இல்லையே?"

"ஒரு சின்னக் கோடு விட்டிருந்தாய். போட்டனான்."

நீ என் முகத்தைப் பார்த்தாய். ஒரு மிடறு தேத்தண்ணீர் குடிக்கும் நேரம் இருக்கும். "நீ ஒண்டையும் விடமாட்டாய்," என்றாய். அப்போது யாரோ ஒருவர் உன் தோளைத் தொட்டார். நீ அவர் பக்கம் திரும்பினாய்.

அதன் பிறகும் ஞாயிறுகளில் வந்தேன். ஒரு வருடம். நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உன் செத்தவீட்டில் மூன்று பேர் பேசினார்கள். மூவரும் அந்த உரையைப் பற்றித்தான் சொன்னார்கள்: தன் பிழையை உலகத்துக்கு முன்னால் சொன்ன மனிதர் என்று. உன் மகள் அதைக் கேட்டு அழுதாள். நான் கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அவள் மறுபடி வந்தாள். பார்க்கச் சொன்னேன். உறையிலிருந்து படத்தை எடுத்து ஜன்னலில் பிடித்தாள். எனக்குத் தெரிந்தது அவளுடைய முதுகு.

"மாமா," என்றாள் திரும்பாமலே. "அப்பா உங்களுக்கு இது என்னெண்டு சொன்னவர்?"

"கசத்தின்ர தழும்பு."

"தழும்பில்லை. வெள்ளையா ஒரு நூல் வளைஞ்சு கிடக்கு, தெரியுதே? துணி. படத்தில தெரியவெண்டு துணியில வைக்கிற நூல் அது. ஒப்பரேசன்ல விட்டது." இப்போது திரும்பினாள். "மாநாட்டில சொன்ன ஆள்... அது நீங்களோ?"

"ஓம் பிள்ளை."

"அப்பா பிறகெண்டாலும் உங்களுக்குச் சொன்னவரோ?"

இந்தக் கேள்விக்காகத்தான் ஒரு கிழமை கேட்டேன். ஒரு தாளில் பதிலை எழுதியும் வைத்திருந்தேன்: ஓம், சொன்னவர், நான்தான் எடுக்க வேண்டாம் எண்டனான். திருத்தித் திருத்தி, வாயில் வழுக்காதபடி பாடமாக்கியும் இருந்தேன். அவளுக்கு அவளுடைய தகப்பன் முழுதாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் உனக்காக ஒரு பொய்யை நான் பாடமாக்கியிருக்கிறேன் என்பது அந்த நிமிடத்தில் எனக்குக் கூச்சமாக இருந்தது.

"இல்லை," என்றேன்.

அவள் படத்தை மடியில் வைத்தபடி அமர்ந்தாள். உனக்காக ஒரு சொல்லும் பரிந்து பேசவில்லை. டொக்டராகப் பேசினாள்: உடம்பு அந்தத் துணியைச் சுற்றிச் சுவர் கட்டியிருக்கும், இந்த வயதில் நெஞ்சைத் திறந்து எடுப்பது புத்தியில்லை. ஆகவே அது என்னோடுதான் இருக்கும். நான் போகும் இடத்துக்கும் வரும்.

பிறகு கேட்டாள்: "நோகுதே மாமா?"

தெரு ஓரத்தில் மறித்த பிச்சைக்காரனின் முதுகில்கூடக் கை வைத்து நீ கேட்கும் கேள்வி அது. என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. 'எப்பிடி மச்சான்' என்று கேட்பாய். 'நல்லா இருக்கிறன்' என்பேன். நோகுதோ என்று நீ கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். நான் சொன்னால், நீயும் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

"இடப்பக்கம் சரிஞ்சு படுத்தா நோகும்," என்றேன். "மழைக்காலத்தில இன்னும் கூடும். சிரிச்சாலும் கொஞ்சம்."

"எப்ப தொடக்கம்?"

"தொடக்கத்தில இருந்தே."

அவள் கைப்பையிலிருந்து ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்தாள். "ஆறுதலாச் சொல்லுங்கோ மாமா."

நாற்பத்தேழு வருடத்து நோவை வருடவாரியாகச் சொல்லத் தொடங்கினேன். அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.