அட்டை முக்காலிகள் பற்றி ஒரு திருத்தம்

டீச்சர்,

உங்கள் பெயரைக் குப்பையோடு சேர்த்து அச்சடித்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, திருக்கோகர்ணத்தில் என் வீட்டுக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. வழவழப்பான தாள். நடுவில் உங்கள் படம், ஏதோ அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது. முறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். படத்துக்குக் கீழே 'நினைவுக் கோப்பை' என்று தங்க நிறத்தில் எழுதி, அதற்கும் கீழே, 'கழிவிலிருந்து கலைப்பொருள் செய்யும் போட்டி' என்று போட்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக் பாட்டில், ஐஸ் குச்சி, பழைய சி.டி. ஆகியவற்றை மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டுமாம். நடுவர் என்ற இடத்தில் என் பெயர்.

புதிய தலைமையாசிரியருக்கு போன் செய்தேன். நல்ல மனிதராகத்தான் பேசினார்.

"ஒங்க நியூஸ்தான் சார் இதுக்கெல்லாம் ஆரம்பமே. லேமினேட் பண்ணி ஆபீஸ் ரூம்ல மாட்டிருக்கோம். வந்து பாக்கணும் நீங்க."

"டீச்சருக்குக் கழிவுல செய்யிறது பிடிக்காதுங்களே."

"அப்படியா? ஒங்க நியூஸ்ல அப்படி இல்லையே சார்."

இல்லைதான். போனை வைத்துவிட்டு அந்த அழைப்பிதழை எடுத்தேன். கிழித்துப் போட்டிருப்பேன். உங்கள் படம் இருந்ததால் முடியவில்லை.

நான் முதன்முதலாக உங்கள் பள்ளிக்கு வந்தது உங்களைத் தேடி அல்ல. கஜா புயலில் போன மேற்கூரைக்கு ஒரு வருடமாகியும் தகரம் போடவில்லை என்று செய்தி எடுக்க வந்தேன். அறந்தாங்கி தாண்டி, கட்டுமாவடிக்குப் போகும் பேருந்திலிருந்து இறங்கி உள்ளே நடந்தால், வராண்டாவில் வரிசையாக அட்டைப் பெட்டியில் செய்த முக்காலிகள் நின்றன. பதினொன்று. ஒன்று குட்டையாக, ஒன்று வளைந்த முதுகோடு, ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து. எங்கும் பெயர் இல்லை. பிள்ளைகள் யாரும் அருகில் இல்லை. ஆனால் ஓவிய அறையின் ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் ஒரு வரிசைக் கண்கள் தெரிந்தன.

கேமராவை எடுத்தேன். நீங்கள் உள்ளேயிருந்து வந்தீர்கள். கைவிரல்களில் மைதாப் பசை காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது.

"நிருபரா? கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இன்னைக்கு இதுங்களுக்குக் காது குத்து."

எனக்குப் புரியவில்லை. அப்போது சத்துணவு சமைக்கும் அம்மா கரண்டியோடு அந்தப் பக்கம் வந்து, சாய்ந்து நின்ற முக்காலியைப் பார்த்து நின்றார். "இது என்னத்துக்குடி, கோழி அடைக்கவா?" என்றார் பொதுவாக, காற்றைப் பார்த்து. ஜன்னலுக்குப் பின்னால் ஒரே சிரிப்பு. ஒரு குரல் மட்டும், "கோழி ஒங்க வீட்ல இருக்கும்" என்றது. நீங்கள் அந்த ஜன்னலைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தீர்கள்.

அதுதான் உங்கள் முறை. யாருக்காக என்று முதலில் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு, தம்பிக்கு, பக்கத்து வீட்டுக் கால் நடக்காத பெரியவருக்கு. பிறகு வரைய வேண்டும். பிறகு உண்மையான அளவில் அட்டையில் செய்து, பெயர் எழுதாமல் ஒருநாள் முழுக்க வராண்டாவில் வைக்க வேண்டும். போகிறவர் வருகிறவர் சொல்வதையெல்லாம் செய்தவர் ஒளிந்திருந்து கேட்க வேண்டும். பதில் பேசக் கூடாது; அதற்குத்தான் காது குத்து என்று பெயர். மறுநாள் திருத்தி வரைய வேண்டும். அதற்குப் பிறகுதான் மரம்.

மரத்தையும் காட்டினீர்கள். புயலில் விழுந்த பூவரசு. பள்ளிக்குப் பின்னால், அறுத்த பலகைகளை இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தீர்கள். அரசு வளாகத்தில் விழுந்த மரம் ஏலத்துக்குத்தான் போக வேண்டும். அப்போதைய தலைமையாசிரியை, 'பாடத்துக்குத்தானே டீச்சர்' என்று கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பலகையைத் திருப்பிக் காட்டினீர்கள். நடுவில் காப்பிப்பொடி நிறத்தில் கோடுகள் ஓடின.

"காஞ்சிருச்சு. அடுத்த மாசம் ஆரம்பிக்கலாம்" என்றீர்கள். வாரத்தில் மூன்று அரை நாள் மட்டுமே வேலை தரப்பட்ட பகுதிநேர ஆசிரியர் நீங்கள். அந்த மூன்று அரை நாளில் ஒரு வருடமாக மரம் காயக் காத்திருந்தீர்கள்.

அபிநயாவை அப்போதுதான் அழைத்தீர்கள். ஒன்பதாம் வகுப்பு. கட்டுமாவடியில் மீன் விற்கும் அம்மாவுக்காக முக்காலி வரைந்திருந்தாள். தாழ்வாக, உட்காருமிடம் லேசாகக் குழிந்து, தண்ணீர் வடிய மூன்று நீளத் துளைகளோடு. நான் அந்தத் துளைகளைப் பாராட்டினேன்.

"தண்ணி வடியறதுக்கு நாலு ரவுண்டு ஓட்டை போட்டாலும் போதும் சார்" என்றாள். "இது அழகுக்கு. எங்கம்மாவுக்கு எல்லாமே வேலைக்குத்தான் இருக்கு. அழகுக்குன்னு ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டு, பெரிய வார்த்தை பேசிவிட்டதாக வெட்கப்பட்டு ஓடினாள். நீங்கள் அப்போது என்னிடம் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டு இதோ மேசையில் இருக்கிறது. என் கையெழுத்திலேயே இருக்கிறது:

"இதுகளுக்கு எப்பப் பாத்தாலும் குப்பையக் குடுத்துதான் அழகாப் பண்ணச் சொல்றாங்க. குப்பைதான் நமக்குன்னு பழகிக்கும்ல நிருபரே? நல்ல மரத்தத் தொட்டுப் பாக்கட்டும். தப்பா அறுத்தா வலிக்கட்டும்."

இதை எழுதிக்கொண்டவன்தான் அந்தச் செய்தியை எழுதினேன்.

அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது பக்கம் முடிக்க இருபது நிமிடம் இருந்தது. படத்தில் அட்டை முக்காலிகள் நன்றாக விழுந்திருந்தன. மரம் இன்னும் முக்காலியாகவில்லை; அதற்குப் படம் இல்லை. நாங்கள் பள்ளிப் பிள்ளைகளின் கைவேலை என்றால் முப்பது வருடமாக ஒரே வாக்கியம் வைத்திருக்கிறோம். ஊரையும் பொருளையும் மாற்றிக்கொண்டால் போதும். விரல் தானாக அடித்தது. 'கழிவு அட்டையில் கலைநயமிக்க இருக்கைகள்: அரசுப் பள்ளி மாணவர்கள் அசத்தல்.' யாரும் என் செய்தியைத் திருத்தவில்லை, தலைப்பை மாற்றவில்லை. ஒவ்வொரு எழுத்தும் நான் போட்டது.

பத்து நாளில் ஒரு அதிகாரி பாராட்ட வந்தார். நீங்கள் பிறகு நடித்துக் காட்டினீர்கள். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நடந்ததை. ஒவ்வொரு அட்டை முக்காலிக்கும் முன்னால் நின்று "வெரிகுட்" சொன்னாராம். கொல்லைப் பக்கம் போனபோது தார்ப்பாயைப் பார்த்தாராம்.

"அது என்ன?"

"பூவரசுப் பலகை சார். பிள்ளைங்க முக்காலி செய்யிறதுக்கு."

"அதான் அட்டையிலயே இவ்வளவு பிரமாதமாப் பண்ணுதுங்களே. பேப்பர்லயே வந்திருக்கு. மரம் எதுக்கும்மா? ஏலம் விடாம வச்சிருக்கிறது தப்பு, தெரியும்ல?"

அந்த மாதத்துக்குள் பலகைகள் ஏலம் போயின. எடுத்தவர் செங்கல் சூளைக்காரர். காய்ந்த விறகு என்று சந்தோஷமாக ஏற்றிக்கொண்டு போனார்.

ஏலமும் லாரியும் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் எனக்கு போன் செய்தீர்கள். நீங்கள் என்னைத் திட்டியிருந்தால் இன்று இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். திட்டவில்லை.

"நிருபரே, ஒரு திருத்தம் போட முடியுமா? அதெல்லாம் மாதிரிதான், நெசம் மரத்துல வரப்போகுதுன்னு. ரெண்டு வரி போதும். அதைக் காட்டிக் கேட்டுப் பாக்குறேன்."

"மேல சொல்லிப் பாக்குறேன் டீச்சர்" என்றேன்.

மறுநாள் நானே அழைத்து, "ஒத்துக்க மாட்டேங்கிறாங்க" என்றேன்.

டீச்சர், நான் யாரிடமும் கேட்கவில்லை. பத்திரிகை ஆசிரியரின் அறை என் மேசையிலிருந்து பன்னிரண்டு அடி. கேட்டிருந்தால் சிரித்திருப்பார், முக்காலிக்கெல்லாமா திருத்தம் என்று. அந்தச் சிரிப்புக்கும், என் பெயரில் ஒரு திருத்தம் வருவதற்கும் கூசிக்கொண்டு நான் போகவில்லை. முப்பது வருடத்தில் திருத்தமே வராத நிருபர் என்று எனக்கு அலுவலகத்தில் ஒரு பெயர் இருந்தது. அதைக் காப்பாற்றிக்கொண்டேன்.

நீங்கள் "பரவால்ல நிருபரே" என்றீர்கள். அது எனக்கு இன்றும் ஆத்திரமாக வருகிறது. ஏன் பரவாயில்லை? யாரைக் கேட்டு எனக்கு அதைச் சொன்னீர்கள்? அந்தப் பதினொரு பிள்ளைகளைக் கேட்டீர்களா? அலுவலகத்துக்கு வந்து என் சட்டையைப் பிடித்திருக்கலாம். அதற்குப் பிறகும் பேருந்து நிலையத்தில் பார்த்தால் டீ வாங்கிக் கொடுத்தீர்கள். "என்ன டீச்சர் செய்யிறாங்க பிள்ளைங்க?" என்று ஒருமுறை வெட்கமில்லாமல் கேட்டேன்.

"பாட்டில்ல பெயின்ட் அடிக்கிறோம். மேலேர்ந்து உத்தரவு. பெயின்ட் அடிச்ச பாட்டிலா ஆயிருது."

போன ஆடியில் நீங்கள் போனீர்கள். மாலை வைத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

அழைப்பிதழ் வந்த மறுநாள் கட்டுமாவடிக்குப் போனேன். மீன் ஏலம் முடிந்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சில்லறைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அபிநயாவின் அம்மாவை விசாரிக்கத் தேவையிருக்கவில்லை. மற்றவர்கள் பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் இரண்டு செங்கல்மேல் ஒரு பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து காட்டச் சொன்னேன். லேசாகக் குழிந்த பூவரசு. மூன்று நீளத் துளைகள். ஈரத்திலும் உப்பிலும் கறுத்து, உட்கார்ந்து உட்கார்ந்து மினுமினுத்தது.

அன்று லாரி வருவதற்குள் நீங்களும் அவளும் முடித்தது இது ஒன்றைத்தான். கால்களுக்கு அளந்து வைத்திருந்த கட்டைகள் வண்டியில் போய்விட்டன.

நான் யாரென்று சொன்னேன். அந்த அம்மா மீனை அலசிய கையோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அட்டைன்னு போட்ட பேப்பர்க்காரரா? ஏஞ்சாமி, கடல் தண்ணி ஊத்துற எடத்துல எந்த அட்டை அஞ்சு வருசம் தாங்கும்? வாங்கிட்டுப் போயி நீங்க ஒக்காந்து பாருங்களேன்."

பக்கத்திலிருந்தவர் சிரித்தார். "விடுக்கா, பெரிய மனுசன்."

"பெரிய மனுசன்னா? எம்மக அழுதுகிட்டு வந்தா அன்னைக்கு. மூணு காலும் சூளையில எரியுதும்மான்னு. அந்த டீச்சர்தான் வீடு வரைக்கும் கொண்டாந்து இதக் குடுத்துட்டுப் போச்சு. 'காலு இல்லாட்டியும் ஒங்களுக்குன்னு செஞ்சதுங்க, வச்சுக்கங்க'ன்னுச்சு."

அபிநயா இப்போது அறந்தாங்கியில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வணிகவியல். மரத்தை அவள் பிறகு தொடவில்லை. பள்ளி விழாவுக்கு வருகிறீர்களா என்று அந்த அம்மாவைக் கேட்டேன்.

"யாவார நேரத்துல நான் எங்கிட்டு வாரது? வேணும்னா அவுகள இங்கிட்டு வந்து இதுல ஒக்காரச் சொல்லுங்க."

தலைமையாசிரியரிடம் நேற்று பேசினேன். நடுவராக வருகிறேன், ஆனால் போட்டிக்கு முன்னால் ஒரு தாளை வாசிப்பேன், லேமினேட் செய்த செய்தியைக் கழற்றிவிட்டு அதை அங்கே மாட்ட வேண்டும் என்றேன். "நிகழ்ச்சி நிரல்ல எடமில்லையே சார்" என்றார். இடமில்லாவிட்டால் டீச்சரின் படத்தை எடுத்துவிடுங்கள், அந்தப் பெயரில் பாட்டில் வேண்டாம் என்றேன். கலந்து பேசிச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அவர் என்ன சொன்னாலும் வெள்ளிக்கிழமை காலைப் பேருந்தில் போகிறேன். மேடை தராவிட்டால் உங்கள் வராண்டா இருக்கிறது. போகிறவர் வருகிறவர் என்ன சொன்னாலும் பதில் பேசாமல் கேட்டுக்கொள்வேன்.

நோட்டில் உங்கள் வாக்கியத்துக்குக் கீழே அதை எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டது இரண்டு வரி. எனக்கு மூன்றாகிவிட்டது:

'திருத்தம். கழிவு அட்டையில் மாணவர்கள் இருக்கைகள் செய்ததாக நான் எழுதிய செய்தி தவறு. அவை மாதிரிகள்; முக்காலிகள் பூவரசு மரத்தில் செய்யப்படவிருந்தன. திருத்தம் வெளியிட மறுத்தது நிர்வாகம் அல்ல, நான்.'