படிக்காமல் விட்ட பின்பக்கம்

என் செல்ல அத்தாவுக்கு,

அந்தக் குடும்பப் போட்டோ நேற்று சிதம்பரத்துக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அனுப்பியது நீங்கள் எழுதிய புரோகிராம்தான். நான் நாலு வரி சேர்த்தேன், அவ்வளவே. சந்தோஷப்பட வேண்டியவள் வெட்கத்தோடு உட்கார்ந்திருக்கிறேன்.

பதினைந்து வருடம் வெப்சைட் செய்த நீங்கள், கம்ப்யூட்டரையே இயக்கும் லினக்ஸை அடியிலிருந்து படிக்க ஆரம்பித்தீர்கள். "இவ்ளோ நாளும் யாரோ செஞ்சு வெச்சத எடுத்து ஒட்டுனேன்மா. உள்ள என்ன நடக்குதுன்னே தெரியல" என்றீர்கள். பஸ்ஸில் படித்தால் உங்களுக்குத் தலை சுற்றும். அதனால் ஞாயிறுதோறும் சிதம்பரம் மாமா வீட்டுக்குப் போகும்போது, லினக்ஸ் கையேட்டின் தாள்களை நான் உரக்கப் படிப்பேன். நீங்கள் கண்ணை மூடிக் கேட்பீர்கள்.

ஒரு ஞாயிறு, தகவலை எழுதி அனுப்பும் 'ரைட்' என்கிற கட்டளையின் தாள். முன்பக்கம் முடிந்ததும் "அவ்ளோதான் அத்தா" என்றேன். பின்பக்கமும் இருந்தது. என் பையில் பாதி படித்த நாவலும் இருந்தது.

அந்த வாரம் நம் செம்மண்டலம் வீட்டிலிருந்து, நீங்களே எழுதிய புரோகிராமால் மாமாவுக்கு அனுப்பிய போட்டோ பாதியில் நின்றது. மாமா போனில் சிரித்தார். "மச்சான், எல்லாருக்கும் தலை வந்துடுச்சு. காலு எந்த பஸ்ஸுல வருது?"

நீங்களும் சிரித்தீர்கள். போனை வைத்த பிறகு, "வயசாயிடுச்சு போல, மண்டைல ஏற மாட்டேங்குது" என்றீர்கள்.

அன்று மாலையே பின்பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். கொடுத்ததில் கொஞ்சத்தை மட்டும் எழுதிவிட்டு அந்தக் கட்டளை நின்றுவிடலாம்; எவ்வளவு போனது என்று பார்த்து, மீதியை அதனிடம் மறுபடியும் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று மடித்து வைத்தேன். நீங்கள் மூன்று நாள் உங்களையே திட்டிக்கொண்டு தப்பைத் தேடினீர்கள். நான் ஏன் வாய் திறக்கவில்லை? நாலாம் நாள் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோய்விட்டது.

மாமா இன்னமும் விருந்துகளில் அந்தக் கால் கதையைச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், அத்தா.

நேற்று போட்டோ கிடைத்ததும் மாமா கூப்பிட்டார். "பாத்தியா புள்ள, மச்சான் செருப்ப கால் மாத்திப் போட்டுட்டு நிக்கிறாரு" என்றார். உடனே போனை வைத்துவிட்டார்.

இந்த ஞாயிறு அந்தத் தாளோடு பஸ் ஏறுகிறேன். மாமா வீட்டில் எல்லோர் முன்னாலும் பின்பக்கத்தைக் கடைசி வரி வரை உரக்கப் படிப்பேன். அன்று அதைப் படிக்காமல் விட்டது யார் என்பதையும் சொல்வேன்.

'அவ்ளோதான்' என்று பொய் சொன்ன உங்கள் மகள்,
நஸ்ரின்