வெறுங்கையோடு வரச் சொன்ன அக்காவுக்கு

அக்கா,

இன்று சாயங்காலம் நேரு வீதியில் இனிப்புக் கடை வாசலில் நின்றுவிட்டேன். அப்போதுதான் மைசூர்பாகைத் தட்டில் கொட்டியிருந்தார்கள். நெய் வாசனை சட்டையைப் பிடித்து இழுத்தது. என்னைப் பார்த்ததும் கடைக்காரர் எழுந்து நின்றார். பாகுக்குப் பதம் சொல்லிக் கொடுத்தவனே நான்தான், அந்த மரியாதை. ஆனால் வாங்கவில்லை. தவக்காலம் நடக்கிறது. உன் வீட்டுச் சட்டம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பிறகு ஒரு துண்டு. திருநாள் என்றால் இன்னொன்று. தவக்காலத்தில் ஈஸ்டர் வரைக்கும் ஒன்றுமே கிடையாது. "தினமும் குடுத்தா, நாளைக்கு ஞாயித்துக்கிழமைன்னு துள்ளிக் குதிக்க அதுங்களுக்கு என்னடா மிச்சம் இருக்கும்?" என்பாய்.

அந்தச் சட்டத்தை உடைக்கவே நான் பிறந்திருந்தேன். சேதராப்பட்டுக் கம்பெனியில் நான் கை வைத்தால்தான் மிஷின் ஓடும் என்றிருந்த காலம் அது. ஷிப்டு முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், கையில் ஒரு பொட்டலம் இல்லாமல் உன் வாசலை மிதித்ததில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தினாலும் எனக்குப் பெண் கொடுக்க வரிசையில் நின்றார்கள், எனக்குத்தான் நேரமில்லை. அதனால் உன் பிள்ளைகள்தான் என் பிள்ளைகள். ஸ்டெல்லாவும் சின்னவன் அந்துவானும் "மாமா" என்று ஓடிவரும்போது, பிரான்சுக்கே என்னை ராஜாவாக்கியது போல இருக்கும்.

ஒரு தவக்காலம் தொடங்கிய வாரத்தில், பொட்டலத்தை வாங்கி அலமாரி மேலே வைத்துவிட்டுக் கேட்டாய்: "நீ வர்றப்ப பசங்க உன் மூஞ்சியப் பாக்குதா, கையப் பாக்குதா?"

பதில் சொல்லத் தெரியாதவனா நான்? ஞாயிற்றுக்கிழமை தவக்காலக் கணக்கில் சேராது, பங்குச் சாமியாரே என்னை உட்கார வைத்துச் சொன்னார் என்று வாதாடினேன். அப்படியானால் இப்போதே போய் அவரையே கேட்டுவிடலாம் என்று நீ செருப்பைத் தேடினாய். அவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி நான்தான் அவரைக் காப்பாற்றினேன்.

"ஈஸ்டர் வரைக்கும் வெறுங்கையோட வா. வராம மட்டும் இருந்துடாத" என்றாய்.

சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தேன். மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கால் உன் தெருப்பக்கம் திரும்பவில்லை. பிள்ளைகள் என் கையைப் பார்த்துவிட்டு, மறுபடி விளையாடப் போய்விட்டால்? அப்புறம் அந்த வீட்டுக்கு நான் யார்? கடற்கரையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அதற்கு மறுநாளும் அப்படியே. போனில் உன்னிடம் ஓவர்டைம் என்றேன். நான் இல்லாமல் கம்பெனியே படுத்துவிடும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அப்புறம் ஒருவழியாக வந்தேன். நீ அடுப்படியில் இருந்தாய். அந்துவான் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தான். "ஏன் மாமா ஒண்ணும் வாங்கியாரல?" என்றாள் ஸ்டெல்லா. அம்மா வேண்டாம் என்றாள் என்று சொல்லியிருக்கலாம். வாய் கேட்கவில்லை. அல்வா வாங்கினேன், வழியில் பறிபோய்விட்டது என்றேன். வீராம்பட்டினத்தில் பஸ் அளவுக்கு ஒரு மீன் வலையில் மாட்டி, வலையோடு ஊரையே கடலுக்குள் இழுக்கிறது. யாராலும் முடியாமல் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். பொட்டலத்தை அப்படியே அதன் வாயில் எறிந்தேன். அல்வா ஒட்டிக்கொண்டு மேல்தாடையும் கீழ்த்தாடையும் பிரியவே இல்லை.

பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. கையில் கரண்டியோடு நீ வந்து நின்றாய்.

"பொய்யி, அத்தனையும் பொய்யி. சரி, அந்த மீனு அல்வாவத் துப்புச்சா இல்லியா, அதச் சொல்லு."

அந்தத் தவக்காலம் முழுக்க தினம் ஒரு பொட்டலம் பறிபோனது. லட்டைப் பந்தென்று நினைத்து யானை உருட்டிக்கொண்டு போனது. ஜிலேபியைக் காதில் மாட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரம்மா கப்பலேறிவிட்டாள்.

ஈஸ்டர் அன்று பெரிய பெட்டியோடு ராஜநடை நடந்து வந்தேன். அந்துவான் பெட்டியைப் பார்த்தான். முகம் தொங்கிவிட்டது.

"வாங்கியாந்துட்டீங்களா மாமா? அப்ப இன்னிக்குக் கதை இல்லியா?"

நீ சிரித்த சிரிப்பில் புரையேறி, நான் முதுகில் தட்ட வேண்டியிருந்தது. மூச்சு திரும்பியதும், "இப்ப பதில் சொல்லுடா, மூஞ்சியா கையா?" என்றாய்.

ஸ்டெல்லா இப்போது ஒரு பெண்ணுக்கு அம்மா. உன்னையும் மிஞ்சிவிட்டாள், மாதத்துக்கு ஒரு தடவைதான் இனிப்பு. நான் வாதாடுவதில்லை. சட்டத்தை மதிப்பதில் இந்தப் புதுச்சேரியில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. வராமல் மட்டும் இருக்காதே என்று நீ சொன்னாயே, அதை மட்டும் விடாமல் வைத்திருக்கிறேன். இன்றும் போனேன். கதவைத் திறந்த உன் பேத்தி கையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"இன்னிக்கு யாரு தாத்தா புடுங்கிக்கிட்டாங்க?"

நான் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை, அக்கா. செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு ஒட்டகம் வந்துவிட்டது.