வெறுந்தட்டு திருப்பும் வழக்கமில்லை

மார்ச் 12

இன்றும் குழாயைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். பக்கத்துப் பண்ணை வெண்டெல் பன்றிக் கொட்டகை போட்டு இரண்டு வருடம். கழிவுக் குட்டை மேட்டில், எங்கள் கிணறு பள்ளத்தில். சொன்னால் என் வீட்டுக்காரர் ஆர்லோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இவர் இடுப்பு முறிந்து கிடந்த வருடம் வெண்டெல்தான் பத்துப் பேரோடு வந்து எங்கள் மக்காச்சோளத்தை அறுத்துக் கொடுத்தான். "கொட்டகைக்குச் சம்மதம்னு கையெழுத்து கேட்டான், போட்டேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மாட்டேன்னு சொல்றது நார்மா?" என்கிறார்.

நன்றிக்கடனைக் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

மார்ச் 19

வட்டாரக் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போயிருந்தேன். வெண்டெல் சிரித்தபடியே சொன்னான்: "நார்மாவுக்கு மூக்கு கொஞ்சம் நீளம். அந்தத் தண்ணிய நானே குடிப்பேன். என் பேத்திக்கும் குடுப்பேன்."

பாட்டிலை நீட்டினேன்.

"இப்பத்தான் காபி குடிச்சேன்" என்றான். கூடமே சிரித்தது. போதகரும் சிரித்தார்.

மார்ச் 23

எதிரே ஏழு டிரக். ஸ்டியரிங்கிலிருந்து ஒருவனும் விரலைத் தூக்கவில்லை. முப்பத்தொரு வருடமாக இந்தச் சாலையில் ஓட்டுகிறேன். வழிதவறி வந்த வெளியூர்க்காரனுக்குக்கூட இங்கே ஒரு விரல் தூக்கி வணக்கம் சொல்வார்கள்.

ஏப்ரல் 30

ஆர்லோவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதாம். ஊர் ஆஸ்பத்திரியை மூடிவிட்டதால் இரண்டு மணி நேரம் ஓட்டிப் போய்க் கேட்ட செய்தி. தண்ணீரால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

மே 17

ஆர்லோ போய்விட்டார்.

மே 20

துக்க வீட்டுக்கென்று ஊர்ப் பெண்கள் கொண்டுவந்த பதினான்கு கண்ணாடித் தட்டுகள், நிறையச் சாப்பாடு. ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டுத்தாளில் வீட்டுக்காரி பெயர். வெண்டெலின் மனைவி ரோண்டா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "என்ன வேணும்னாலும் வாய்விட்டுக் கேளுடி" என்றாள். மார்ச்சில் கேட்டேனே, என்ன கிழிச்சீங்க?

அவள் தட்டில் பன்றி இறைச்சி. அவர்கள் கொட்டகைப் பன்றிதான். பசித்தது, தின்றேன்.

ஜூன் 2

தட்டுகளைத் திருப்ப வேண்டும். வெறுந்தட்டு திருப்பும் வழக்கம் இங்கே இல்லை. பச்சை ஜெல்லி செய்யலாம் என்று எடுத்தேன். ஜெல்லி என்றால் முக்காலும் தண்ணீர்தானே?

குழாயில் கை வைத்தபடி நெடுநேரம் நின்றேன். பேத்திக்கும் குடுப்பேன்னு சொன்னான்ல, தின்னட்டுமே— சீ, என்ன பொம்பளை நான்? அந்தப் பிள்ளைக்கு நாலு வயசு.

கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரில்தான் பதினான்கையும் செய்தேன்.

ஜூன் 3

ரோண்டா வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். "கண்ணாடி மாதிரி இருக்குடி! பாப்பா ஒரே வாயில முழுங்கிடுவா."

அவர்கள் வீட்டில் வண்டியைத் திருப்ப வேண்டுமென்றால் கொல்லைப்பக்கம் சுற்றித்தான் வரவேண்டும். நான் போய்விட்டேன் என்று நினைத்திருப்பாள். பின்வாசலில் நின்று ஜெல்லியைக் குப்பைத் தொட்டிக்குள் வழித்துக்கொண்டிருந்தாள். பேத்தி கரண்டியோடு ஓடிவந்து அழுதது. கரண்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பிள்ளையின் வாயைத் தன் இடுப்பில் கட்டியிருந்த சமையலறைத் துணியால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

தெரியும். அத்தனை பேருக்கும் தெரியும்.

திரும்பும் வழியில் வெண்டெலின் டிரக் எதிரே வந்தது. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினான். நானும் தூக்கினேன்.